நாலு மணிக்கு மேல் இந்தக் கட்டடம் யாருடையது?

சின்ன நாற்காலி · செவ்வாய், இரவு 9.50

வணக்கம் எல்லோருக்கும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான்.

எனக்கு 36 வயது. பகலில் துணிக்கடையில் வேலை. சாயங்காலம் இங்கே தென்னாப்பிரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிறேன், 21 வயது தாண்டியவர்களுக்கு இருக்கிறதே, அமெண்டட் சீனியர் சர்டிபிகேட், அது. கல்லூரி என்றதும் பெரிய வாசல், நூலகம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். மத்தியானம் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும், நாலு மணிக்கு நாங்கள் உள்ளே போகிறோம். ஏழரைக்கு வெளியே வருகிறோம். ஊர் பெயர் வேண்டாம்.

எனக்குக் கொடுத்திருப்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நாற்காலி. முழங்கால் மேசைக்கு மேலே நிற்கும். பக்கத்து சீட் அக்காவுக்கு 52 வயது, அவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே எழுதுகிறார். கரும்பலகையில் பாதி "அழிக்காதே" என்று கோடு போட்டு ஒதுக்கியிருக்கும், மீதிப் பாதியில்தான் எங்கள் கணக்கு. மூன்றரைக்குக் கழிவறையைப் பூட்டிவிட்டுக் காவல்காரர் போய்விடுவார். கடைசிக் கட்டடத்தில் ஒன்று திறந்திருக்கும், அதில் விளக்கு கிடையாது, தண்ணீரும் வராது. பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து போகிறோம், ஒருத்தி போன் வெளிச்சம் காட்ட. ஏழரைக்கு வாசல் வரைக்கும் கும்மிருட்டு. கம்ப்யூட்டர் அறைக்கு இரும்புக் கதவு, அதை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

வகுப்புப் பிரதிநிதியாக என்னைப் போட்டுவிட்டார்கள் (அன்றைக்கு நான் வரவில்லை, அதனால்). எல்லோரிடமும் கேட்டு 27 குறை எழுதி வைத்திருக்கிறேன். சென்டர் மேனேஜரிடம் போனால் "கட்டடம் பள்ளியுடையது" என்கிறார். பள்ளித் தலைமையாசிரியரிடம் போனால் "நீங்கள் கல்லூரி மாணவர்கள்" என்கிறார். இந்த 27ஐயும் யாருக்கு அனுப்புவது?

ரோபோவில் நிற்பவன் · செவ்வாய், இரவு 10.05

எல்லோருக்கும் அனுப்பு அக்கா. மந்திரிக்கு ஒன்று, பேப்பருக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று. வாசலில் டயர் வைத்துக் கொளுத்தாதவரைக்கும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மதுரை டு மாரிட்ஸ்பர்க் · செவ்வாய், இரவு 10.40

டயர் எல்லாம் வேண்டாம் தம்பி, அந்தப் புகையில் இருமப்போவது அந்த 52 வயது அக்காதான்.

நான் ஒரு டிவெட் கல்லூரியில், அதாவது தொழிற்கல்விக் கல்லூரியில், பாடம் நடத்துகிறேன், சமுதாயக் கல்லூரியில் இல்லை. இரண்டும் வேறு. இங்கே டிவெட் என்றால் 50 பொதுக் கல்லூரிகள், சொந்தக் கட்டடம், பட்டறை, அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவித்தொகை எல்லாம் இருக்கும். சமுதாயக் கல்லூரி மையங்களில் நிறைய, இவர் சொல்வதுபோல, பள்ளிகளில் குடியிருப்பவை. ஊரில் நான் பார்த்த ராத்திரி டுடோரியல் மாதிரி. ஆனால் டுடோரியல்காரர் வாடகை கொடுப்பார். வாடகை கொடுப்பவருக்குக் கேட்க வாய் இருக்கும்.

சகோதரி, ஒரு கேள்வி. அந்த 27இல் பாடம், பரீட்சை, ஆசிரியர் வராதது எல்லாம் கலந்திருக்கிறதா?

சின்ன நாற்காலி · புதன், காலை 6.15

கலந்துதான் இருக்கிறது சார். 9ஆவது குறை புத்தகம் வரவில்லை. 14ஆவது, வாசலில் மீன் விற்கிற ஆள் சத்தம் போடுகிறார். டாக்ஸியில் உட்கார்ந்து எழுதுகிறேன், சாயங்காலம் மீதி.

ஓய்வு டீச்சர் · புதன், காலை 10.30

அந்த மீன்காரரை விட்டுவிடம்மா. அவர் நமக்கு முன்னாலிருந்தே அங்கே இருப்பார்.

நான் டர்பனில் சாட்ஸ்வர்த்தில் 31 வருடம் ஆசிரியையாக இருந்தேன். அதில் ஒன்பது வருடம் சாயங்காலம் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இந்தப் பெண் கேட்ட கேள்வி, தலைப்பில் இருக்கிறதே, அதற்கு அந்தக் காலத்தில் ஒரே பதில்தான் இருந்தது. பள்ளியும் மாகாணக் கல்வித் துறையுடையது, முதியோர் வகுப்பும் அதே துறையுடையது. பகல் தலைமையாசிரியரும் சாயங்கால மேலாளரும் பல இடத்தில் ஒரே ஆள். சாவி ஒரே கொத்தில் தொங்கும். 2015 ஏப்ரல் 1ஆம் தேதி முதியோர் கல்வி மாகாணத்தின் கையை விட்டுப் போய், தேசிய அளவிலான உயர்கல்வி, பயிற்சித் துறையின் கீழ் வந்தது. சமுதாயக் கல்லூரி என்ற பெயரும் அப்போது ஒட்டியதுதான். ஆள் மாறினார், பலகை மாறியது, கட்டடம் மட்டும் மாகாணத்திடமே நின்றுவிட்டது. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு, கழிவறை யார் பாகம் என்று எழுதாமல் விட்ட மாதிரி.

இரவல் கட்டடத்தில் படிப்பது நம் ஜனங்களுக்குப் புதுசும் இல்லை. டர்பன் சாஸ்திரி காலேஜ் 1929இல் திறந்தது. இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியின் பெயர் அது. 1936இல் நேட்டால் யூனிவர்சிட்டி காலேஜ், வெள்ளையர் அல்லாதவர்களுக்குப் பகுதிநேர வகுப்பு தொடங்கியபோது எங்கே நடத்தியது? இதே சாஸ்திரி காலேஜில். பகலெல்லாம் வேலைக்குப் போனவர்கள் பள்ளிப் பையன்களின் பெஞ்சில் உட்கார்ந்து பட்டம் படித்தார்கள். அந்த வகுப்புகளை நடத்திய மேபல் பாமர் அம்மையார் அதற்காக அலைந்ததெல்லாம் தனிக் கதை. பிறகு 1961இல் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி என்று துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில் பழைய கடற்படைக் குடியிருப்புகளைக் கொடுத்தார்கள், படகில் போய்ப் படிக்க வேண்டும். வெஸ்ட்வில்லில் சொந்த வளாகம் கிடைக்க 1972 ஆயிற்று.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. "அவர்கள் பொறுத்துக்கொண்டார்களே, நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொல்ல வந்தால், அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை என்று முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எஸ்.ஜி.பி. அப்பா · புதன், மதியம் 1.10

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நான் வேறொரு பள்ளியின் ஆளும் குழுவில், எஸ்.ஜி.பி. என்பார்களே, அதில் இருக்கிறேன். எங்களிடமும் சாயங்கால வகுப்பு உண்டு.

திங்கள் காலை பிள்ளைகள் வந்தால் நாற்காலியின் கால் உடைந்திருக்கும். உட்கார்ந்தவர் 90 கிலோ, நாற்காலி எட்டு வயதுப் பிள்ளைக்குச் செய்தது. அதை யார் வாங்குவது? பெற்றோர் கொடுக்கிற கட்டணத்திலிருந்து நாங்கள். கழிவறையில் காகிதம், சோப்பு, தண்ணீர்க் கட்டணம், எல்லாம் நாங்கள். ஒரு தடவை குழாயைத் திறந்து விட்டுப் போய்விட்டார்கள், வெள்ளிக்கிழமை. ஜோஜோ தண்ணீர் டேங்க் ஞாயிறுக்குள் காலி. திங்கள் அன்று ஊரில் தண்ணீர் இல்லை, 600 பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம். பூட்டுவது கெட்ட எண்ணத்தால் இல்லை. காவல்காரருக்கு மூன்றரை வரைதான் சம்பளம்.

கம்ப்யூட்டர் அறையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். எங்கள் பள்ளியில் இரண்டு முறை உடைத்துத் திருடினார்கள், இன்சூரன்ஸ்காரன் போட்ட நிபந்தனைதான் அந்த இரும்புக் கதவு.

சின்ன நாற்காலி · புதன், இரவு 9.30

அண்ணா, நாற்காலியை நாங்கள் உடைக்க வரவில்லை. நாங்களும் பெற்றோர்தான். என் மகள் பகலில் உட்காருகிற அதே பள்ளியில்தான் நான் சாயங்காலம் உட்காருகிறேன். கட்டணம் கட்டுகிறவளும் நான்தான். காலையில் அம்மாவாக வந்தால் "வாங்க மேடம்", நாலு மணிக்கு வந்தால் திருடி மாதிரி பார்வை.

மாதவிடாய் நாளில் மூன்று மணி நேரம் கழிவறை இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள், பிறகு காவல்காரர் சம்பளத்தைப் பற்றிப் பேசலாம். போன மாதம் ஒரு பெண் அதனாலேயே வருவதை நிறுத்திவிட்டாள். நன்றாகக் கணக்குப் போடுகிறவள்.

எஸ்.ஜி.பி. அப்பா · புதன், இரவு 9.55

அது எனக்குத் தோன்றவில்லை தங்கச்சி. உண்மையாகவே தோன்றவில்லை. எங்கள் குழுவில் எட்டு பேரில் ஆறு பேர் ஆண்கள்.

மெயின் ஸ்விட்ச் · வியாழன், காலை 5.40

எலக்ட்ரீஷியன் பேசுகிறேன். வாசல் விளக்கைப் பற்றி ஒன்று கேட்கணும். அது ராத்திரி முழுக்கவே எரியாதா, இல்லை நீங்கள் போகும்போது மட்டும் எரியாதா? காவல்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

சின்ன நாற்காலி · வியாழன், இரவு 8.45

கேட்டேன். காலையில் பத்து மணி வரைக்கும் வெயிலில் வீணாக எரிகிறதாம். அதனால் அவரே பல நாள் பல்பைக் கழற்றிவிடலாமா என்று நினைத்தாராம்!

மெயின் ஸ்விட்ச் · வியாழன், இரவு 9.20

அப்படியென்றால் பல்பும் கெடவில்லை, வயரும் கெடவில்லை. மெயின் ஸ்விட்ச் இருக்கிற டி.பி. போர்டில் வட்டமாகக் கடிகாரம் மாதிரி ஒரு டைமர் இருக்கும், சுற்றிப் பல் பல்லாக. மின்சாரத்தில் ஓடுகிற கடிகாரம் அது. உள்ளே பேட்டரி இல்லாத ரகமென்றால், கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். இரண்டு மணி நேரம் லோட் ஷெட்டிங் என்றால் டைமர் இரண்டு மணி நேரம் பின்தங்கும். 2023இல் எத்தனை தடவை போயிற்று, கணக்கிருக்கா? 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெட்டிங் நின்றபோது நாடே நிம்மதியாகத் தூங்கியது, டைமரை யாரும் தொடவில்லை. அதற்கப்புறம் கேபிள் திருட்டு வேறு. சாயங்காலம் ஆறுக்கு எரிந்து காலை ஆறுக்கு அணைய வேண்டியது, இப்போது ராத்திரி பத்துக்கு எரிந்து காலை பத்துக்கு அணைகிறது. நாலு மணி நேரம் பிந்தி ஓடுகிறது, அவ்வளவுதான்.

அந்த வட்டத்தை விரலால் சரியான மணிக்குத் திருப்பினால் போதும். ஒரு நிமிட வேலை. ஆனால் நீங்கள் போர்டைத் திறக்காதீர்கள், பள்ளியின் ஆளை விட்டே திருப்பச் சொல்லுங்கள். காலையில் வெட்டியாக எரிவதும் நிற்கும், பில்லும் குறையும். எஸ்.ஜி.பி. அண்ணாவுக்கு அது பிடிக்கும்.

எஸ்.ஜி.பி. அப்பா · வியாழன், இரவு 9.31

எங்கள் பள்ளியிலும் காலையில் எரிகிறது. நாளைக்கே பார்க்கிறேன்.

கோப்பு எண் · வெள்ளி, காலை 11.00

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இதுவரை வந்ததில் மேலே எலக்ட்ரீஷியன் எழுதியதுதான் உருப்படியானது. மற்றதற்குக் காகித வழி சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

27 குறையை ஒரே கடிதத்தில் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? வாங்குகிறவர் தனக்குச் சம்பந்தமில்லாத முதல் வரியைப் பிடித்துக்கொண்டு, "இது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்று முழுக் கடிதத்தையும் திருப்பிவிடுவார். நானே அப்படித் திருப்பியிருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். ஆகவே கதவு வாரியாகப் பிரியுங்கள். புத்தகம், ஆசிரியர், பரீட்சை எல்லாம் கல்லூரிக்கு. விளக்கு, பூட்டு, குழாய் பள்ளி ஆளும் குழுவுக்கு. 1996 பள்ளிச் சட்டத்தில் 20ஆம் பிரிவைப் பாருங்கள். கட்டடத்தையும் மைதானத்தையும் நிர்வகித்துக் கட்டுப்படுத்துவது ஆளும் குழுவின் வேலை என்று இருக்கிறது. அதே பிரிவில் சற்றுக் கீழே, பள்ளி தானே நடத்தாத கல்வித் திட்டங்களுக்கும் மாகாணக் கல்வித் துறைத் தலைவர் கேட்டுக்கொண்டால், நியாயமான நிபந்தனையோடு பள்ளி வசதிகளைப் பயன்படுத்த விட வேண்டும் என்றும் இருக்கிறது. "வசதிகள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நாலு சுவரும் கரும்பலகையில் பாதியும் மட்டும் வசதி ஆகாது.

அப்படி விட்டிருந்தால் எங்கேயோ ஒரு ஒப்பந்தம் இருக்க வேண்டும். எத்தனை அறை, எத்தனை மணி வரை, தண்ணீர்ச் செலவு யாருடையது. முதலில் அதன் நகலைக் கேளுங்கள். சும்மா கேட்டுக் கொடுக்காவிட்டால் 2000ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டத்தின்படி, பாயா என்பார்கள், படிவம் 2 நிரப்பிக் கொடுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாகவே அர்த்தம், மேலே போகலாம். அரசு அலுவலகங்கள் மீதான புகாரை விசாரிக்கிற பப்ளிக் புரொடெக்டரிடம் புகார் கொடுக்கப் பணம் வேண்டாம், ஆனால் சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அது கடைசிக் கதவு. அதை முதலில் தட்டினால் "கல்லூரியிடம் கேட்டீர்களா?" என்று அனுப்பிவிடுவார்கள்.

மதுரை டு மாரிட்ஸ்பர்க் · வெள்ளி, மாலை 5.15

ஐயா சொன்னதோடு இன்னொரு கதவு. அங்கே பாடம் நடத்துகிறவர்கள் கல்லூரியின் ஊழியர்கள். 1993 தொழில் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழே 2004இல் வந்த வசதிகள் விதிமுறைகளும், ஊழியருக்குக் கழிவறை, காகிதம், சோப்பு கொடுக்க வேண்டியது வேலை கொடுத்தவர் என்கின்றன. கட்டடம் யாருடையதாகவும் இருக்கட்டும், "அது பள்ளியுடையது" என்று கல்லூரி கைகழுவ முடியாது. ஊழியர் அல்லாதவர்களும் தன் வேலையால் ஆபத்துக்குள்ளாகாமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் அதே சட்டத்தில் 9ஆம் பிரிவில் இருக்கிறது. மாணவர் பெயரில் எழுதுவதைவிட உங்கள் டீச்சர் பெயரில் எழுதினால் கழிவறைக்குப் பலம் அதிகம்.

சின்ன நாற்காலி · வெள்ளி, இரவு 9.00

டீச்சரிடம் பேசினேன் சார். அவருக்கும் கழிவறை கிடையாது, அதனால் மூன்று மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லையாம். ஆனால் கையெழுத்துப் போட பயப்படுகிறார். கான்ட்ராக்ட் வேலை, டிசம்பரில் புதுப்பிக்க வேண்டும். வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை.

மதுரை டு மாரிட்ஸ்பர்க் · வெள்ளி, இரவு 9.12

வற்புறுத்த வேண்டாம். நான் நிரந்தர வேலையில் உட்கார்ந்துகொண்டு சொன்னது தப்பு.

ரோபோவில் நிற்பவன் · வெள்ளி, இரவு 11.40

இத்தனை சட்டம் இருந்தும் ஒரு சாவி கிடைக்கவில்லை. அதனால்தான் டயர் என்றேன்.

ஓய்வு டீச்சர் · சனி, காலை 8.20

தம்பி, உன் கோபம் எனக்கும் உண்டு. 2014இல் லிம்போபோவில் ஐந்து வயதுக் குழந்தை பள்ளிக் கழிவறைக் குழியில் விழுந்து செத்தது. பள்ளிக் கட்டடத்துக்குக் குறைந்தபட்ச அளவுகோல் விதிகள் 2013 நவம்பரிலேயே வந்திருந்தன. காகிதத்தில் இருந்தது, குழியை மூட ஆள் இல்லை. அதனால் காகிதத்தை மட்டும் நம்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இங்கே டயர் வைத்தால் யார் வாசலில் வைப்பாய்? அந்தப் பெண்ணின் மகள் காலையில் போகிற வாசலில்.

சின்ன நாற்காலி, நீ அந்தப் பள்ளியில் ஒரு பெற்றோர் என்பதை மறந்துவிட்டாய். ஆளும் குழு பெற்றோர் கூட்டம் வைத்தே ஆக வேண்டும். அங்கே மாணவியாகப் போகாதே, தாயாகப் போய் எழுந்து நில். 27 வேண்டாம், மூன்று மட்டும் கேள். ஒரு பெண்கள் கழிவறையின் சாவி, டைமரைத் திருப்புவது, ஒப்பந்தத்தின் நகல். சாவிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வை. யார் வாங்கினார், யார் பூட்டினார், குழாய் மூடியதா என்று கையெழுத்து. எஸ்.ஜி.பி.காரர் பயப்படுவது குழாய்க்கும் நாற்காலிக்கும்தான். அவர் பயத்தைத் தீர்த்துவிட்டுக் கேட்டால் மறுக்க வாய் வராது.

நாற்காலிக்கு நான் கோயில் மண்டபத்தில் கேட்டுப் பார்க்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி வைத்திருக்கிறார்கள், தூசிதான் உட்கார்ந்திருக்கிறது.

எஸ்.ஜி.பி. அப்பா · சனி, காலை 9.05

நோட்டுப் புத்தகம் இருந்தால் நானே எங்கள் குழுவில் பேசுவேன். டைமர் நாலரை மணி நேரம் பின்தங்கி இருந்தது. திருப்பிவிட்டோம்.

சின்ன நாற்காலி · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு மாலை 4.30

ரொம்ப நாளாக எழுதவில்லை, பரீட்சை.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்றேன். கால் நடுங்கியது. கழிவறை என்று சொன்னதும் ஒருவர் சிரித்தார். என் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா, யாரென்று எனக்குத் தெரியாது, "உன் வீட்டில் அது இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சாவி கிடைத்தது. நோட்டுப் புத்தகம் என் பையில். நாலு வாரத்தில் ஒரே ஒரு நாள் குழாய் மூடவில்லை, அதுவும் பகல் பிள்ளைகள் விட்டது, தேதி போட்டு எழுதி வைத்திருந்ததால் பிழைத்தோம். சோப்பு நாங்கள் மாறி மாறி வாங்குகிறோம். அது கல்லூரி கொடுக்க வேண்டியது என்று தனிக் கடிதம் போயிருக்கிறது, கோப்பு எண் ஐயா எழுதிக் கொடுத்த மாதிரியே. பதில் இல்லை. வாசல் விளக்கு ஆறு மணிக்கு எரிகிறது.

ஒப்பந்த நகல் வந்தது. ஒரே பக்கம். நாலு வகுப்பறை என்று இருக்கிறது, மணி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. கழிவறை என்ற சொல்லே இல்லை. ஐயா, இதைப் புதுப்பிக்கும்போது சேர்க்கச் சொல்ல முடியுமா? வருடக் கடைசியில் முடிகிறதாம்.

வருவதை நிறுத்தினாள் என்று சொன்னேனே, அவளுக்குப் போன் பண்ணினேன். ஜனவரியில் வருகிறேன் என்கிறாள்.

கோப்பு எண் · ஞாயிறு, மாலை 5.10

முடியும். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே எழுத வேண்டும், அதாவது இந்த வாரம். நகலை எனக்கு அனுப்புங்கள். கம்ப்யூட்டர் அறையை இப்போது கேட்காதீர்கள், கழிவறையும் கெட்டுவிடும்.

ஓய்வு டீச்சர் · ஞாயிறு, மாலை 6.00

கோயிலில் 20 நாற்காலி தருகிறேன் என்றுவிட்டார்கள். ஒரு நிபந்தனை, புரட்டாசி மாதம் முழுக்க மண்டபத்துக்குத் திரும்ப வேண்டும். கொண்டுபோக யாரிடமாவது பேக்கி, பின்னால் சாமான் ஏற்றுகிற வண்டி, இருக்கிறதா?

ரோபோவில் நிற்பவன் · ஞாயிறு, மாலை 6.04

என்னிடம் இருக்கிறது டீச்சர். பின்னால் நாலைந்து பழைய டயர் கிடக்கிறது, இறக்கிவிட்டு வருகிறேன்.

சின்ன நாற்காலி · ஞாயிறு, மாலை 6.20

ஒரு சிக்கல். பகலில் அந்த 20 நாற்காலியை எங்கே வைப்பது? மேடைக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் ரூம் இருக்கிறது. அதற்குப் பூட்டு போட்டிருக்கிறது. சாவி யாரிடம் என்று காவல்காரரைக் கேட்டேன், தலைமையாசிரியரிடம் என்றார். அவரைக் கேட்டேன், காவல்காரரிடம் என்றார்.